துணிப் பஞ்சத்தில் ஒரு கொடி

நான் முதன்முதலாகக் கும்பிட்ட கொடியில் மூன்று நிறமும் இல்லை, சக்கரமும் இல்லை. சிவப்புத் துணியில் வெள்ளைச் சங்கு. திருவிதாங்கூர் சமஸ்தானத்துக் கொடி அது. 1940-களில் குளத்தூரில் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சங்குதான் நாடு. கையில் கிடைக்கிற சக்கரக் காசில் சங்கு, அஞ்சல் தலையில் சங்கு, சர்க்கார் காகிதத்தின் தலைப்பில் சங்கு. காலையில் வஞ்சீச மங்களம் பாடி மகாராஜாவை வாழ்த்திவிட்டுத்தான் வகுப்புக்குள் போவோம். இந்தியா என்று ஒன்று இருப்பதைப் பூகோளப் பாடத்தில் படித்தோம். எங்களைப் பொறுத்தவரை அது ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால் இருந்தது. அங்கிருந்த சுங்கச் சவுக்கையைத் தாண்டினால் வேறு சர்க்கார், வேறு காசு.

குளத்தூர் பெரிய ஊர் ஒன்றும் இல்லை. தெற்கே பொழியூர்க் கடல், வடக்கே பாறசாலை, ஒரு பக்கம் நெய்யாறு கடலில் சேருகிற பூவார், இன்னொரு பக்கம் கொல்லங்கோடு. கடற்கரையை ஒட்டி ஏ.வி.எம். கால்வாய் போகிறது. அந்நாளில் அதில் வள்ளங்கள் ஓடின. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், உச்சக்கடைச் சந்தையில் இரண்டும் கலந்து. அப்பா பனையேறி. அம்மை நெய்யூர் மிஷனில் லேஸ் வேலை படித்தவள். நாகர்கோவிலில் 1820-களில் மிஷனரி மால்ட்டின் மனைவி மார்த்தா தொடங்கிவைத்த தொழில் அது. நூறு வருஷத்துக்குப் பிறகும் எங்கள் பக்கத்துப் பெண்கள் பலருக்கு அதில்தான் கைக்காசு கிடைத்தது.

சங்குக் கொடிமேல் எங்களுக்கு வெறுப்பு இருந்தது என்று சொன்னால் பொய். எங்கள் பாட்டி மகாராஜாவைப் 'பொன்னு தம்புரான்' என்றுதான் சொல்வாள். 1936-இல் சித்திரைத் திருநாள் மகாராஜா கோயில் நடையை எல்லாச் சாதிக்காரர்களுக்கும் திறந்துவிட்டார். நாங்கள் சபைக்குப் போகிறவர்கள். ஆனால் சொந்தத்தில் பாதிப் பேர் அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள். அவர்கள் முதன்முதலாகப் பெரிய கோயிலின் உள்ளே போய்த் திரும்பிய அன்று சந்தனக் குறியை முகம் கழுவாமல் வைத்திருந்ததாகப் பாட்டி சொல்லுவாள். அப்படி ஒரு ராஜாவின் கொடி அது.

அதே பாட்டிதான் இன்னொரு கதையும் சொல்லுவாள். அவளுடைய அம்மை தோள்சீலைக் கலகத்தின்போது சிறுமி. நாடார் பெண்கள் மாரை மறைத்துச் சீலை போடக்கூடாது என்று இருந்த நாடு இது. மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் போன பெண்கள் குப்பாயம் போட்டுக்கொண்டு சந்தைக்கு வந்தார்கள். வழியில் மறித்துக் கிழித்தார்கள், அடித்தார்கள், பள்ளிக்கூடங்களுக்குத் தீ வைத்தார்கள். கடைசியில் 1859 சூலை 26-ஆம் தேதி, சென்னை கவர்னர் டிரெவெலியன் நெருக்கியதால், மேலாடை போடலாம் என்று மகாராஜாவின் உத்தரவு வந்தது. அதிலும் ஒரு கட்டு வைத்திருந்தார்கள்: மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக்கூடாது.

"ஒரு முழத் துணிக்கு அடி வாங்கின கூட்டம் நாம" என்பாள் பாட்டி. ஒரு துண்டுத் துணியை யார் எங்கே போடலாம் என்பதற்கு ராஜ்ஜியமே ஆடும் என்று எங்கள் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டிய தேவையே இருக்கவில்லை. காங்கிரஸ்காரர்களின் கொடி எங்கள் வீட்டுக்குள் வந்தபோது அம்மையும் பாட்டியும் அதைப் பார்த்துப் பயந்ததும் அதனால்தான், பிறகு அதைக் கைவிடாததும் அதனால்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

அந்தக் கொடியைக் கொண்டுவந்தவர் மாமன், அம்மையின் தம்பி. நெய்யாற்றின்கரைச் சந்தைக்குக் கருப்பட்டி கொண்டுபோய் விற்பவர். 1938 பிப்ரவரியில் ஸ்டேட் காங்கிரஸ் தொடங்கியது. பட்டம் தாணுபிள்ளை, டி.எம். வர்கீஸ், சி. கேசவன் ஆகியோர் முன்னால் நின்றார்கள். மக்களுக்குப் பொறுப்பான ஆட்சி வேண்டும் என்பது கோரிக்கை. திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் அந்த அமைப்பையே தடை செய்தார். ஆகஸ்டு 31-ஆம் தேதி நெய்யாற்றின்கரையில் என்.கே. பத்மநாப பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவரை விடச் சொல்லி ஜனங்கள் கூடினார்கள். ராணுவம் சுட்டது. வீரராகவன் உட்படப் பலர் செத்தார்கள். நான் அப்போது கைக்குழந்தை. மாமன் அன்று சந்தையில் இருந்தார். கடவத்தைப் போட்டுவிட்டு வயல் வழியாக ஓடிவந்து, ராத்திரி முழுக்கப் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்ததாக அம்மை சொல்லுவாள்.

அதற்குப் பிறகு எப்போதோ ஒருநாள் அந்தக் கொடி வீட்டுக்கு வந்தது. கதர்த்துணி. நடுவில் ராட்டை. கருப்பட்டிக் கடவத்தின் அடியில், ஓலைக்குக் கீழே மடித்து வைத்திருந்தார். பாட்டி பார்த்துவிட்டாள்.

"இத எதுக்குலே வீட்டுல கொண்டு வந்து வச்ச? போலீஸ்காரன் வந்தா ஆரு பதில் சொல்லுவா?"

"சும்மா கெட அம்மை. திருப்பூருல ஒரு பையன அடிச்சுக் கொன்னானுவ. விழுந்த பெறவும் கையில இருந்த கொடிய விடல்ல."

கொடி காத்த குமரனின் கதையை நான் கேட்டது அப்படித்தான். 1932 சனவரி 10-ஆம் தேதி அடி விழுந்தது, மறுநாள் உயிர் போனது. அதே மாதம் 26-ஆம் தேதி சென்னைக் கோட்டைக் கொடிமரத்தில் ஆர்யா பாஷ்யம் ஏறி மூவர்ணத்தைக் கட்டினார். மைசூர் சமஸ்தானத்தில் விதுராசுவத்தம் என்ற ஊரில் 1938 ஏப்ரலில் கொடியேற்றக் கூடிய கூட்டத்தைச் சுட்டுப் பலரைக் கொன்றார்கள். மாமன் இதையெல்லாம் நாகர்கோவில் பத்திரிகையில் படித்துவிட்டு வந்து சொல்வார். திருப்பூரை அவர் கண்டதில்லை. மைசூர் எந்தத் திசை என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் அங்கே அடி வாங்கினவர்களை அவர் சொந்தக்காரர்களைப்போலப் பேசினார். அவர்கள் கையில் இருந்ததும் இவர் கடவத்தில் இருந்ததும் ஒரே கொடி. வேறு எந்தச் சம்பந்தமும் இல்லை.

யுத்த காலம் வந்தது. பர்மா அரிசி நின்றுபோனது. திருவிதாங்கூர் முழுக்கப் பட்டினி. மரச்சீனியும் மீனும்தான் எங்களைக் காப்பாற்றின. அரிசிக்கு ரேஷன் வந்ததுபோலத் துணிக்கும் கட்டுப்பாடு வந்தது. கல்யாணத்துக்குப் புதுச்சேலை எடுக்க முடியாமல் இரவல் வாங்கிக் கட்டிய பெண்களை எனக்குத் தெரியும். இருந்த ஒரே சேலையைத் துவைத்துக் காய வைத்துவிட்டு, அது காய்கிறவரை வீட்டுக்குள்ளேயே இருந்தவர்களையும் தெரியும்.

1946 அக்டோபரில் வடக்கே புன்னப்பிரையிலும் வயலாரிலும் சிவப்புக் கொடி பிடித்த தொழிலாளர்களை ராணுவம் சுட்டது. ஆக, எங்கள் சின்ன நாட்டில் மூன்று கொடிகள் இருந்தன. ஒன்றைக் கும்பிடச் சொன்னார்கள், மற்ற இரண்டையும் தொட்டால் சுட்டார்கள்.

1947 சூன் 11-ஆம் தேதி திவான் அறிவித்தார்: வெள்ளைக்காரன் போன அன்றே திருவிதாங்கூர் தனி நாடு, இந்தியாவோடு சேராது. துறைமுகம் இருக்கிறது, ரப்பர், தேயிலை இருக்கிறது, மணவாளக்குறிச்சி மணலில் தோரியம் இருக்கிறது என்றெல்லாம் கணக்குச் சொன்னார்கள். அந்த மணலைப் பற்றி எங்களுக்குத் தெரியும். இங்கேயிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டிக்கொண்டு போன மினுக்கு மணலைப் பார்த்துவிட்டுத்தான் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் 1909-இல் மணவாளக்குறிச்சியைத் தேடி வந்தாராம். கயிறு திரித்தவர்களுக்கு அதில் காசு எதுவும் வரவில்லை என்று பாட்டி சொல்லுவாள்.

எனக்கு அப்போது பத்து வயசு. பெரியவர்கள் பேசுவது குழப்பமாக இருந்தது. திவானும் சுதந்திரம் என்கிறார், மாமனும் சுதந்திரம் என்கிறார். பள்ளிக்கூடத்தில் சுதந்திரத் திருவிதாங்கூர் வாழ்க என்று சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்தால் மாமன் பல்லைக் கடிப்பார். "வெள்ளக்காரன் போறான் மக்களே. திவான் போகல்ல. அதுக்குப் பேரா சுதந்திரம்?" என்பார். அதில் எனக்கு எதுவும் விளங்கவில்லை. திவான் சொன்ன சுதந்திரத்துக்குச் சங்குக் கொடி, மாமன் சொன்ன சுதந்திரத்துக்கு மூவர்ணம். பத்து வயசுப் பிள்ளைக்கு அவ்வளவுதான் எட்டியது. பெரியவர்களில் பலருக்கும் அவ்வளவுதான் எட்டியிருக்கும். பொறுப்பாட்சி, மேலாண்மை உரிமை, சமஸ்தான இணைப்பு எல்லாம் வக்கீல்கள் பேசுகிற பேச்சு. கொடி யாருக்கும் புரியும்.

இன்னொரு சங்கடமும் எங்களுக்கு இருந்தது. சர் சி.பி. தமிழர். நெய்யாற்றின்கரைப் பக்கம் போனால் "உங்க ஆளுதானே" என்று குத்திக் காட்டுவார்கள். மாமன் மூவர்ணத்தை அப்படி இறுக்கிப் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். அந்தக் கொடியைப் பிடித்தால் யாரும் அவரை அந்தக் கேள்வி கேட்க மாட்டார்கள்.

சூலை 13-ஆம் தேதி திருவனந்தபுரம் பேட்டையில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஒரு மாணவன் செத்தான். 22-ஆம் தேதி டில்லியில் அரசியல் நிர்ணய சபை தேசியக் கொடியைத் தீர்மானித்தது. 25-ஆம் தேதி இரவு சங்கீத அகாடமி நிகழ்ச்சியில் சர் சி.பி.யை ஒருவன் வெட்டினான். அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் 30-ஆம் தேதி, இந்தியாவோடு சேருகிறோம் என்று மகாராஜா தந்தி கொடுத்தார். இவ்வளவும் ஒரே மாதத்தில். செய்தி ஒவ்வொன்றாக வள்ளக்காரர்கள் வழியாகவும் சந்தை வழியாகவும் வந்து சேரும். முந்தினதைப் பேசி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும்.

மாமன் ஒருநாள் பத்திரிகையோடு வந்தார். அதில் புதுக் கொடியின் படம். ராட்டை போய் அசோகச் சக்கரம் வந்திருந்தது. "இத நம்ம தைக்கணும் அக்கா" என்றார்.

"தைக்கலாம். துணி எங்க?" என்றாள் அம்மை.

துணி சேர்ந்த கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. வெள்ளை பலராமபுரத்திலிருந்து வந்தது. அங்கே நெசவு செய்கிற சாலியர்கள் தமிழ் பேசுகிறவர்கள். பலராம வர்மா மகாராஜா காலத்தில் திவான் உம்மிணித் தம்பி கொண்டுவந்து குடிவைத்தவர்கள். ஒரு நெசவுக்காரர் தறியில் மிஞ்சிய துண்டை மாமனுக்குக் கொடுத்தார். கொஞ்சம் கருப்பட்டி வாங்கிக்கொண்டார். பச்சைக்கு, பக்கத்து வீட்டு அத்தை தன் புருஷனின் பச்சைச் சாரத்தைக் கொண்டுவந்தாள். நாலு பக்கமும் கரை பிரிந்துபோய் நடு மட்டும் நன்றாக இருந்தது. அவர் மீன்பிடிக்கப் போயிருந்த நேரம் பார்த்துக் கொண்டுவந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

காவிதான் கிடைக்கவில்லை. கடைசியில் வெள்ளைத் துண்டிலேயே ஒரு பகுதியைக் கிழித்து, மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து அம்மை முக்கினாள். சட்டியில் ரத்தச் சிவப்பாக இருந்தது. உலர உலர நிறம் இறங்கியது. "வெயிலு பட்டா மஞ்சளாப் போவும். இருக்கிற வரைக்கும் இருக்கட்டு" என்றாள்.

சக்கரம் பெரிய பாடாகிவிட்டது. பத்திரிகைப் படம் கறுப்பு வெள்ளை. அதில் ஆரக்கால்கள் மசியோடு மசியாகக் கலந்திருந்தன. மொத்தம் இருபத்திநாலு என்று எழுதியிருந்ததை மாமன் படித்துச் சொன்னார். அம்மை பித்தளைச் செம்பைக் கவிழ்த்துக் காகிதத்தில் வட்டம் போட்டு வெட்டினாள். இரண்டாக மடித்தாள். அந்த அரை வட்டத்தை மூன்றாக மடித்தாள். அதை இரண்டாக, மறுபடியும் இரண்டாக. பிரித்துப் பார்த்தால் இருபத்திநாலு மடிப்பு நடுவிலிருந்து விரிந்திருந்தது. லேஸ் வேலைக்காரிக்கு அது சாதாரணம், எனக்கு வாய் மூடவில்லை. அந்தக் காகிதத்தைத் துணிமேல் வைத்து மடிப்புக்கு மடிப்பு ஊசியால் புள்ளி குத்தினாள். நீல நூல் அவளிடம் இருந்தது, மிஷனுக்கு மேசைவிரிப்புப் பூவேலை செய்ய வாங்கினது. மண்ணெண்ணெய்க்கும் பஞ்சம். சிம்னியைச் சின்னதாக வைத்துக்கொண்டு, ராத்திரிகளில் ஒவ்வொரு காலாகத் தைத்தாள்.

ஒரு காலை விட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்டேன். எனக்குத் தூக்கம் வந்தது.

"எந்த ஊருல தச்சாலும் இருபத்திநாலுதானே தைக்கணும் மக்களே" என்றாள்.

நெய்யூருக்கு அப்பால் அவள் போனதில்லை. ஆனால் அன்றைக்கு அவள் மனசில், முகம் தெரியாத ஊர்களில் முகம் தெரியாத பெண்கள் இதே மாதிரி சிம்னி விளக்கடியில் ஆரக்கால்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். தேசம் என்பதைப் பற்றிப் பெரிய புத்தகங்கள் எழுதியவர்களை ஆசிரியப் பயிற்சிக்குப் போனபோது படித்திருக்கிறேன். அம்மை சொன்னதற்குமேல் அவர்கள் அதிகம் சொல்லிவிட்டதாகத் தோன்றவில்லை.

ஆகஸ்டு 15 காலையில் சந்தை முக்கில் கூட்டம். கொடிமரத்துக்குக் கமுகு வெட்டலாம் என்று சிலர் சொன்னார்கள். அப்பா அதிகம் பேசாதவர். "மரம் எதுக்கு? பனை நிக்குது" என்றார். சந்தையின் ஓரத்தில் நின்ற உயரமான பனையில் இடுப்புக் கயிற்றோடு, முதுகில் கொடியைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு ஏறினார். பெண்கள் "பைய ஏறு, பைய ஏறு" என்று கீழிருந்து கத்தினார்கள். தினமும் நாற்பது பனை ஏறுகிறவருக்கு அன்றைக்குத்தான் அப்படி ஒரு கூட்டம் பார்க்க நின்றது. மட்டைகளுக்கு நடுவே மூங்கிலைச் செருகிக் கட்டினார். காற்று கடல் பக்கமிருந்து வந்தது. கொடி விரிந்தது.

யாரும் பேசவில்லை. வந்தேமாதரம் சொல்லத் தெரிந்தவர்கள் சொன்னார்கள். பொழியூர் மீனவர்கள், சந்தைக்கு வந்த புலையர் பெண்கள், நாயர் வீட்டுப் பிள்ளைகள், உபதேசியார் எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த முக்கில் அவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில், ஒரே பக்கம் பார்த்து நின்றதை நான் அதற்கு முன் கண்டதில்லை. சந்தையில் ஒவ்வொருவருக்கும் நிற்க ஓர் இடம் இருந்தது, எட்ட நிற்கவேண்டிய தூரமும் இருந்தது. அன்றைக்கு அது கொஞ்சம் கலைந்தது. மறுநாள் பாதி திரும்பி வந்துவிட்டது என்பதையும் சொல்லவேண்டும்.

பச்சைச் சாரத்துக்காரர் கூட்டத்தில்தான் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பச்சை எனக்குள்ளதுல்லா?" என்று கேட்டார். அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் கோபப்படவில்லை. அடுத்த சந்தையிலிருந்து, கொடியில் ஒரு பங்கு தன்னுடையது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அதுவரை காங்கிரஸ் என்றால் காறித் துப்புகிற மனுஷன்.

19-ஆம் தேதி சர் சி.பி. திருவிதாங்கூரை விட்டுப் போனார். கொடியை யாரும் இறக்கவில்லை. சூரியன் மறையும்போது இறக்கவேண்டும் என்ற முறையெல்லாம் எங்களுக்குத் தெரியாது. மழையிலும் வெயிலிலும் பறந்து, அம்மை சொன்னபடியே காவி மஞ்சளாகி, ஓரம் நைந்து, பனைமட்டையோடு மட்டையாகிப் போனது.

1948 பிப்ரவரியில் திருவிதாங்கூரில் தேர்தல். வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு. இந்தியாவின் மற்ற இடங்களுக்கெல்லாம் வருவதற்கு முன்னாலேயே எங்களுக்கு அது வந்தது. அம்மையும் பாட்டியும் போய் ஓட்டுப் போட்டார்கள். மேலாடைக்கு அடி வாங்கின பெண்ணின் மகள் சர்க்காரை யார் நடத்துவது என்று சொல்லிவிட்டு வந்தாள். மூவர்ணத்தால் எங்களுக்கு என்ன கிடைத்தது என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஆனால் அதே தேர்தலில்தான் மாமன் இரண்டாகப் பிளந்துபோனார். தமிழ் பேசுகிற தாலுகாக்கள் சென்னை மாகாணத்தோடு சேரவேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டது. ஸ்டேட் காங்கிரஸ் மறுத்தது. நேற்றுவரை திவானுக்கு எதிராக ஒன்றாக நின்றவர்கள். அந்தப் பிப்ரவரியில் போலீஸ் சுட்டு மங்காடு தேவசகாயமும் கீழ்க்குளம் செல்லையனும் செத்தார்கள். நெய்யாற்றின்கரையில் செத்தவர்களுக்காக அழுத மாமன், இவர்களுக்காக அழுதபோது பழைய சிநேகிதர்கள் சிலர் அவர் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

பிறகு 1954. மூணாறில் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களுக்காகப் போன தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் நேசமணி கைதானார். தமிழ்த் தாலுகாக்களுக்கான போராட்டம் தெற்கே பற்றிக்கொண்டது. ஆகஸ்டு 11-ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் சுட்டது. பலர் செத்தார்கள். அப்போது முதல்வர் யார்? பட்டம் தாணுபிள்ளை. 1938-இல் பொறுப்பாட்சி கேட்டுச் சிறைக்குப் போன அதே தலைவர். சுட்டதற்காக மந்திரிசபை விலகவேண்டும் என்று காங்கிரஸை விட்டு அவர் சேர்ந்திருந்த சொந்தக் கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியாவே கேட்டார். பட்டம் விலகவில்லை.

நான் அப்போது ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். சுட்டு நாலாம் நாள் ஆகஸ்டு 15. வழக்கம்போலக் கொடியேற்றம். வரிசையில் எனக்கு அடுத்து நின்றவள் புதுக்கடைப் பக்கத்துப் பெண். அவள் தெருவில் ஒரு வீட்டில் சாவு. கொடி மேலே போனது. எல்லோரும் கை தூக்கினோம். அவள் தூக்கவில்லை. இரண்டு கையையும் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி நின்றாள். தலைமை ஆசிரியை அவளைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

என் கை தூக்கியபடியே இருந்தது. அம்மையின் இருபத்திநாலு கால்களை நினைத்துக்கொண்டுதான் தூக்கினேன். பக்கத்தில் நின்றவளைத் தப்புச் சொல்லவும் என்னால் முடியவில்லை. கொடி எங்கள் கையில் இருந்தவரை அது அதிகாரத்தை எதிர்த்து நின்றது. 1947-க்குப் பிறகு அதிகாரமே அதன் அடியில் வந்து நின்றுகொண்டது. சுடச்சொன்னவரும் அதைத்தான் கும்பிட்டார், சுடுபட்டவர்களும் அதைத்தான் கும்பிட்டார்கள்.

1955-இல் மாநிலச் சீரமைப்பு ஆணையம் தாலுகாவை அலகாக வைத்துக் கணக்குப் பார்த்தது. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு நாலும் சென்னை ராஜ்யத்துக்கு. நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் தமிழர் சிறுபான்மை, அதனால் கேரளத்துக்கு. 1956 நவம்பர் 1-ஆம் தேதி களியக்காவிளை தமிழ்நாட்டுப் பக்கம் போனது, பாறசாலையும் குளத்தூரும் இந்தப் பக்கம் நின்றன. என் அக்காவைக் களியக்காவிளைக்கு அப்பால் கட்டிக் கொடுத்திருந்தோம். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேர் இரண்டு மாநிலத்தின் பிரஜைகள் ஆனோம். மாமன் அன்று சாப்பிடவில்லை.

கோடு போட்ட பிறகு நான் கவனித்தது ஒன்று உண்டு. இஞ்சிவிளையில் எல்லையின் அந்தப் பக்கம் பலகை தமிழில், இந்தப் பக்கம் மலையாளத்தில். சர்க்கார் வேறு, பள்ளிக்கூடப் புத்தகம் வேறு, கள்ளுக்கும் அரிசிக்கும் சட்டம் வேறு. கொடி மட்டும் ஒன்று. அம்மை கடவத்தில் கருப்பட்டியோடு மகளைப் பார்க்க நடந்தே போவாள், நடந்தே வருவாள். ஒருவரும் அவளிடம் காகிதம் கேட்டதில்லை. 1947-இல் பஞ்சாபிலும் வங்காளத்திலும் போட்ட கோடுகளின் இரண்டு பக்கமும் வேறு வேறு கொடி ஏறியது. அந்தப் பக்கத்து அக்காமார்களை இந்தப் பக்கத்துத் தங்கைமார்கள் பிறகு எப்படிப் பார்த்தார்கள் என்று நினைக்கும்போது, எங்களுக்கு வாய்த்தது சின்ன விஷயம் அல்ல என்று படுகிறது. திவானின் சுதந்திரத் திருவிதாங்கூர் நிலைத்திருந்தால் ஆரல்வாய்மொழியில் கடவுச்சீட்டு கேட்டிருப்பார்கள்.

2022-இல் வீடுதோறும் கொடி கட்டச் சொன்னார்கள். பேரன் தபால் நிலையத்தில் இருபத்தைந்து ரூபாய்க்கு ஒன்று வாங்கி வந்தான். பாலியஸ்டர். முந்தின வருஷக் கடைசியில்தான் விதியைத் திருத்தி அதற்கு அனுமதி கொடுத்திருந்தார்கள். ராத்திரியும் பறக்கவிடலாம் என்றும் ஆகிவிட்டதாம். நிறம் போகாது பாட்டி, தையலும் பிரியாது என்றான். தொட்டுப் பார்த்தேன். வாஸ்தவம், நல்ல துணி. அவனுக்கு அதை வாங்க வரிசையில் நின்றதைத் தவிர வேறு சிரமம் இல்லை. அப்படிச் சிரமம் இல்லாமல் கிடைக்கவேண்டும் என்றுதான் மாமன் பாடுபட்டார், அதனால் அவனைக் குறை சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

கொடியால் தேசப்பற்று வருமா என்று பள்ளி மலருக்காக அவனை எழுதச் சொல்லியிருந்தார்கள். அதை அவன் என்னிடம் கேட்டான். எங்களுக்கு வந்தது என்றேன். கட்டக்கூடாது என்று ஒருவர் சொன்னதால் வந்தது. கட்டத் துணியில்லாத காலத்தில் ஆளுக்கொரு துண்டு கொடுத்ததால் வந்தது. கொடி ஏறிய பிறகு அம்மைக்கும் பாட்டிக்கும் ஓட்டு வந்ததால் நிலைத்தது. 1954-இல் அதற்கு ஒரு பெரிய அடி விழுந்தது, அதையும் மறைக்காமல் எழுது என்றேன்.

இப்போதும் ஆகஸ்டு 15-இல் யாராவது கூப்பிட்டால் போவேன், எழுந்து நின்று கை தூக்குவேன். அதன் அடியில் நிற்கிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டும் நிற்பேன். முதலாவதை அம்மையிடம் படித்தேன், இரண்டாவதை அந்தப் புதுக்கடைப் பெண்ணிடம்.